கீத பவனி லாரி

“ஒரு விடுகதை போடுகிறேன். மாளிகையில் இருந்தவர். குடிசைக்காரர்களோடு சேர்ந்து வாழ ஆசைப்பட்டு இறங்கி வந்தார். மாட்டுக்கொட்டிலில் பிறந்தார். யார் அவர்?”

முத்தையாபுரம் தொழிலாளர் குடியிருப்பில், தெருத்தெருவாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகும் எங்கள் கீத பவனி லாரியின் மேல் நின்றபடி மைக்கில் கேட்டேன்.

விடை என் தலைக்கு மேலே, துணியில் முழ நீள எழுத்தில் தொங்கியது: ‘இயேசு பிறந்தார்’. ஆனாலும் கீழே நின்ற பிள்ளைகள் அதைச் சொன்னதும், எல்லாம் நான் கேட்ட விதம் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

1974 டிசம்பர். பகலெல்லாம் மழை பெய்து, தெருவில் கணுக்கால் அளவு சேறு. ஞாயிறு பள்ளி வாத்தியாரான நான் பட்டு ஜிப்பாவும் புதுச் செருப்புமாக வந்திருந்தேன். ஆகவே இந்த வருஷம் பாட்டுக் குழுவில் யாரும் லாரியை விட்டு இறங்கவேண்டாம் என்று தீர்மானித்திருந்தேன். மேலிருந்து பாடினால்தான் சத்தம் தூரம் போகும் என்று காரணமும் சொல்லியிருந்தேன்.

இசக்கித்தாய் என்ற பெண் லாரியை நெருங்கி வந்தாள். துறைமுகத்தில் மூட்டை சரிந்து அவள் கணவன் மாடக்கண்ணுவுக்குக் கால் போய்விட்டதாம். மாதக்கணக்கில் படுக்கையாம். இனி வேலைக்கு ஆகமாட்டான் என்று தெரிந்ததிலிருந்து கூட்டாளிகள்கூட எட்டிப் பார்ப்பதில்லையாம். நேற்றிலிருந்து சோறும் வேண்டாம் என்கிறானாம்.

“பாட்டு உள்ளயே கேக்கு, அண்ணாச்சி. அவுகளுக்கு ஆளு முகம் பாக்கணும். ஒரு எட்டு உள்ள வந்துட்டுப் போங்களேன்.”

மைக் ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது என்றேன்.

“மைக் எதுக்கு?” என்றாள்.

மாடக்கண்ணு அவர்களுக்காக இப்போது ஒரு விசேஷப் பாட்டு என்று அறிவித்தேன். தேவன் மண்ணுக்கு இறங்கி வந்ததைப் பற்றிய பாட்டு. ஒலிபெருக்கியை அவள் வீட்டுப் பக்கம் திருப்பி வைக்கவும் சொன்னேன்.

பாட்டின் நடுவில் யாரோ என் ஜிப்பாவை இழுத்தார்கள். தேவதூதன் வேஷம் போட்டிருந்த கிரேசி. மூன்றாம் வகுப்பு. முதுகிலிருந்த அட்டைச் சிறகைக் கழற்றிவிடச் சொன்னாள்.

அரிக்கிறது போலும் என்று நினைத்தேன்.

“சிறகு இல்லாம என்னளா தேவதூதன்? கொஞ்ச நேரம் பொறு,” என்று அதட்டினேன்.

“அந்த வீட்டு வாசல் சின்னதா இருக்கு, சார். இடிக்கும்.”

அவளே கயிற்றை அவிழ்த்தாள். சிறகை என் கையில் கொடுத்தாள். டயரில் கால் வைத்துச் சேற்றில் இறங்கி, இசக்கித்தாயோடு உள்ளே போனாள்.