செம்பி எழுதிய ஒரே வரி

செம்பி என்கிற கோழிக்குத் தகர வேலிக்கு அந்தப் பக்கம் போயே ஆக வேண்டும். அங்கே கீரைப் பாத்திக்குத் தண்ணீர் பாய்கிற வாசனை வந்தாலே, இவளுக்குத் தவிடு தொண்டையில் இறங்காது. வேலியோ ஆளுயரம்.

ஆசையை எழுதி வைத்தால் மேலே இருக்கிறவர் படித்துப் பார்த்து நடத்திக் கொடுப்பார் என்று எங்கோ கேட்டிருந்தாள். நேரே வேலியடிக்குப் போய், மண்ணில் காலால் கீறி எழுதினாள்: 'இதைப் பறந்து தாண்டுவேன்.'

கூட இருந்த வாத்து எட்டிப் பார்த்தது. "என்னடி இது, ஒரு எழுத்தும் விளங்கல."

"படிக்கிறவருக்கு விளங்கும்க்கா."

மறுநாள் காற்று அதை மூடியிருந்தது. செம்பி அதே இடத்தில் இன்னும் அழுத்தி எழுதினாள். தினமும் எழுதுவாள், எழுதியதும் ஒரு எம்பு எம்புவாள், பாதி வேலிகூட எட்டாமல் பொத்தென்று விழுவாள். வாத்து சிரிக்கும். எழுத்தில் அழுத்தம் போதவில்லை என்று செம்பி நினைத்துக்கொள்வாள்.

மூன்று மாதம் போனது. ஒரு காலையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மண் சரிந்தது. தகரத்துக்கு அடியில், ஒரு கோழி நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. செம்பி குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

வாத்து குழிக்குள் கழுத்தை நீட்டியது. "ஏண்டி, பறப்பேன்னுதானே எழுதின?"

"ஆமாக்கா." செம்பியின் வாய் நிறையக் கீரை. "நம்ம எழுத்துதான் கோழிக் கிறுக்கலாச்சே. அவரு மாத்திப் படிச்சுட்டாரு போல."