இடக்கையால் கொடுக்கிற கடை

பதினேழாவது ஆர்டர் வந்தபோது லாக்கோ கட்டிலின் மேல் ஏறிக் குதித்தாள். ஏற்கெனவே ஒரு காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்த கட்டில் அது. கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டது.

"அக்கா, பதினேழு! இன்னும் மூணுதான்!"

மாக்குவுக்கும் குதிக்க ஆசைதான். மூத்தவள் என்பதால் குதிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று வெள்ளிக்கிழமை. அத்தை வைத்த கெடுப்படி, நாளைக்குள் முகம் தெரியாத இருபது பேர் அவளுடைய விசிறியைக் கேட்டு வந்துவிட்டால் அவள் சொந்த ஊரான கோஃபொரிடுவாவிலேயே இருக்கலாம். வராவிட்டால் தேமாவுக்கு வண்டி ஏற வேண்டும். அங்கே அத்தையின் மீன் கிடங்கில் ஒரு நாற்காலி தயாராக இருந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று அத்தை அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புதான் மாக்குவுக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணப் பெண்கள் கையில் பிடித்துக்கொள்கிற, மணி கோத்த விசிறிகள். போனில்தான் கடை. காசு கொடுத்து விளம்பரம் போட வழியில்லை. நான்கு மாதத்தில் மூன்று பேர் வாங்கியிருந்தார்கள். மூவரும் சொந்தக்காரர்கள், அவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டாள்.

பிறகு திங்கட்கிழமை அந்த வீடியோவைப் போட்டார்கள்.

பன்னிரண்டே விநாடி. பச்சையும் தங்கமுமாக மின்னுகிற ஒரு விசிறியை, பார்ப்பவரை நோக்கி ஒரு கை நீட்டுகிறது. கை மட்டும்தான் தெரியும்.

இடக்கை.

அந்த நாட்டில் இடக்கையால் ஒருவருக்கு ஒன்றை நீட்டுவதென்றால் முதலில் 'இடக்கைக்கு மன்னிக்கணும்' என்று சொல்லிவிட்டுத்தான் நீட்ட வேண்டும். நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். மாக்கு சொல்லவில்லை. அதுவரை ஒரு நாளும் அவள் மறந்ததில்லை. பச்சை விசிறி அவ்வளவு அழகாக வந்திருந்த சந்தோஷத்தில் அன்றைக்கு மறந்தே போனாள்.

நாடே பொங்கிவிட்டது.

'உன்னைப் பெத்தவங்க இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?' என்று கேட்டாள் கேப் கோஸ்ட் ஊர்க்காரி ஒருத்தி. 'காசை மட்டும் நாங்க வலக்கையால குடுக்கணுமாக்கும்?' என்றார் குமாசிக்காரர் ஒருவர். இன்னொருவர் வேலை மெனக்கெட்டு நான்கு குரல்பதிவு அனுப்பித் திட்டினார். நான்காவதில் அவருக்கே மூச்சு வாங்கியது.

திட்டியவர்கள் திட்டிவிட்டுச் சும்மா போகவில்லை. தங்கள் அக்காவைக் கூப்பிட்டார்கள், சித்தியைக் கூப்பிட்டார்கள், இந்தத் திமிரைப் பார் என்று காட்டினார்கள். வந்த சித்திகள் கையைத் திட்டிவிட்டு விசிறியைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் விலை கேட்டார்கள். நான்கு நாளில் பதினேழு!

போன் மறுபடியும் சிணுங்கியது.

ஹோ நகரத்திலிருந்து ஒரு மம்மி. மகள் கல்யாணத்துக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் கொடுக்க நாற்பது விசிறி வேண்டுமாம். 'ஒரு நிபந்தனை. வலக்கையால் கொடுத்து ஒரு வீடியோ அனுப்பு. அப்புறம்தான் பேச்சு.'

நாற்பது! இருபது பேர் எதற்கு, இந்த ஒன்றைக் காட்டினாலே அத்தை வாயை மூடிக்கொள்வாள்.

லாக்கோ குதிப்பதை நிறுத்தினாள். அக்காவைப் பார்த்தாள்.

"விஷயத்தை ஒரு வரி எழுதிடலாம்க்கா. எழுதினா அந்தம்மா அழுதுடும். நாப்பது இல்ல, எம்பது கேக்கும்."

"போனைக் குடுடி."

மாக்கு கட்டைவிரலால் விறுவிறுவென்று தட்டினாள். 'மம்மி, நன்றி. எங்கள் கடையில் இடக்கையால் மட்டும்தான் கொடுக்கிறோம். விலையில் மாற்றமில்லை.' லாக்கோ எட்டிப் பார்ப்பதற்குள் அனுப்பியும் விட்டாள்.

லாக்கோ தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு. போய்ப் பெட்டியைக் கட்டு. உன் கொழுப்புக்கு மீன் கிடங்குதான் லாயக்கு."

கால் மணி நேரம் போன் மூச்சு விடவில்லை. காலையில் வாங்கி வந்த கெங்கே என்கிற சோளமாவு உருண்டை, மிளகாய் அரைப்போடு இலையில் ஆறிக் கிடந்தது.  அவசரப்பட்டுவிட்டோமோ என்று மாக்கு முதல் முறையாகப் பயந்தாள்.

அப்புறம் வந்தது. மம்மியிடமிருந்து அல்ல, வேறு யாரோ.

'எங்க சர்ச் பொம்பளைங்க குழுவுல உன் பதிலைப் போட்டு மம்மி உன்னைக் கிழிச்சுத் தொங்கவிடறாங்க. முந்நூறு பேர் பாத்தாச்சு. உனக்கு நல்லா வேணும். அது கிடக்கட்டும், அந்தப் பச்சை இன்னும் இருக்கா?'

பதினெட்டு.

பத்தொன்பதாவது ஆள் ஆறு வரி வசவு எழுதி, அதன் கீழே ஒழுங்காக முகவரியும் எழுதியிருந்தாள். இருபது வந்தபோது லாக்கோ போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். இருபத்தொன்றும் இருபத்திரண்டும் சேர்ந்தே வந்தன. மாக்கு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். தேமா வண்டி அவள் இல்லாமல் போகட்டும்.

பக்கத்து வீட்டுக்காரி போனதும் லாக்கோ அடங்கிய குரலில் கேட்டாள்: "இருந்தாலும் எனக்கு மனசு ஆறல. இவ்வளவு ஏச்சு எதுக்கு? சொல்லிட்டாத்தான் என்ன?"

"பாவம் பாத்து வாங்குறவ விசிறியைப் பாக்கவே மாட்டாடி. இவங்க என்னைத் திட்டிக்கிட்டே வாங்கறாங்க. அப்படின்னா விசிறி நிஜமாவே நல்லா இருக்கு."

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. மாக்கு தரையில் உட்கார்ந்து, விசிறிச் சட்டத்தை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இறுக்கினாள். நூலின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு முதல் மணியைக் கோத்தாள். வேலைக்குக் குறுக்கே விழுந்த வலது சட்டைக் கையை லாக்கோ எப்போதும்போல மேலே மடித்துத் தோளில் ஊக்கு குத்திவிட்டாள். உள்ளே ஒன்றும் இல்லாததால் அது சுலபமாக மடிந்தது.