குறட்டை விட்ட ரசிகர்

“அந்தக் குறட்டைக்காரரை முதல்ல சங்கத்தை விட்டு நீக்குங்க” என்றார் தலைவர், செயலாளரிடம்.

திரைப்படச் சங்கத்தின் மாதாந்திர ஞாயிறு மதியக் காட்சி அப்போதுதான் முடிந்திருந்தது. ஐரோப்பியப் படம், மூன்று மணி நேரம். பார்வை போன மனைவிக்காகக் கணவன் வாசனைச் செடிகளாகத் தேடித் தேடித் தோட்டம் போடுகிறான். கதை அவ்வளவுதான். அவன் குழி தோண்டுவதைக் காமிரா பதினோரு நிமிடம் நின்ற இடத்திலிருந்தே பார்த்தது. அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கடைசி வரிசையிலிருந்து மட்டும் குறட்டை.

“அன்புன்னா என்னன்னு ஒருத்தன் உயிரைக் கொடுத்துப் படம் எடுத்திருக்கான். இவர் தூங்குறார். நாலு மாசமா இதே கூத்து. ரசனைங்கிற சொல்லுக்கே வேர் என்ன தெரியுமா…”

வேர் வெளிப்படுவதற்குள் செயலாளர் நழுவினார்.

குறட்டைக்காரர் ஒரு தையல்காரர். வாசலில் செயலாளருக்காகவே காத்திருந்தார்.

“சார், கடைசியில என்ன ஆச்சு? வீட்டுல கதை கேப்பா.”

“முழிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“உட்கார்ந்ததும் கண்ணு சொக்கிடுது சார். மன்னிச்சுக்கங்க.”

முகத்துக்கு நேரே நீக்கியதாகச் சொல்லச் செயலாளருக்கு வாய் வரவில்லை. முடிவைச் சொல்லி அனுப்பிவிட்டு, உறுப்பினர் படிவத்திலிருந்த வீட்டு எண்ணுக்குப் போன் செய்தார். மனைவி பேசினார்.

“அம்மா, சங்கத்துலேர்ந்து பேசறேன். உங்க வீட்டுக்காரருக்கு இந்த மாதிரிப் படமெல்லாம் ஒத்துவரலை போல. இன்னைக்கும் தூங்கிட்டார்.”

“முழுசாவா?”

“மூணு மணி நேரமும்.”

“அப்பாடா” என்றது மறுமுனை. “ரொம்ப நன்றிங்க.”

செயலாளர் விழித்தார்.

“நான் படுக்கையில விழுந்து மூணு வருஷமாச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைப் புரட்டிப் படுக்க வைக்கணும். மத்தவங்க வந்தாலும் இவர் கண்ணை மூடமாட்டார். தூங்குங்கன்னு சொன்னா சண்டைக்கு வருவார். படம் பார்த்துட்டு வந்து எனக்குக் கதை சொல்லுங்கன்னா மட்டும் கிளம்புவார். அந்த நேரத்துக்கு அக்கா வந்து என்னைப் பார்த்துக்குவா.”

செயலாளர் கையிலிருந்த உறுப்பினர் படிவத்தைக் கோப்பிலேயே திருப்பி வைத்தார்.

“ஒரே ஒரு உதவி சார்” என்றார் அந்த அம்மா. “அடுத்த மாசமும் இதே மாதிரி மெதுவான படமாப் பார்த்துப் போடுங்க. போன தடவை நடுவுல யாரோ துப்பாக்கியால சுட்டுட்டாங்களாம்; பாவம், முழிச்சுட்டார்.”