நுனி கருகிய இலை

மணிவேல் பீரோவுக்குள் பல்பு கட்டி, அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் ஒரு கஞ்சாச் செடி வளர்த்துவந்தான். சாண் உயரம் வருவதற்குள் இலை நுனிகள் கருகிச் சுருண்டுவிட்டன. போலீஸுக்குப் பயந்து நுனியை மட்டும் கிள்ளி எடுத்துப்போய், அம்பகரத்தூர் சாலையில் நர்சரி வைத்திருக்கும் ஷகீலிடம் தக்காளி என்று காட்டினான்.

ஷகீல் சிரித்தான். "என்ன செடியோ, எனக்குத் தெரிய வேணாம். உரம் கூடிப்போனாலும் நுனி கருகும். இது அப்படித் தெரியல. நாக்குல வச்சுப் பாரு."

உப்புக் கரித்தது.

"கடல் தண்ணியா ஊத்துற?"

"கேன் தண்ணிதான் ஊத்துறேன்."

வரும் வழியெல்லாம் அண்ணன் சொக்கநாதன் ஞாபகம்தான். கடலிலிருந்து வந்ததும் ஈரக் கைலியை வாசல் செடிகள்மேல் பிழிந்து, அத்தனையையும் கருகவைத்த ஆள். ஐப்பசியில் அவன் ஏறிப்போன படகு திரும்பி வரவேயில்லை. அதன்பிறகு அம்மா வாசலில் செடியே வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மணிவேல் தொட்டி மண்ணை மாற்றினான். பீரோவைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டான். சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தபோது இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. புது மண் சொதசொதவென்று கிடந்தது. தொட்டு நாக்கில் வைத்தான். அதே உப்பு. சத்தம் வராமல் கதவைச் சாத்திப் பூட்டினான்.

அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா, பழைய எரிச்சல் மாறாமல் கத்தினாள்.

"ஈரக் கைலிய செடிமேல பிழியாதடா சொக்கான்னு எத்தனை தடவ சொல்றது!"

பீரோவுக்குள் இருப்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு செடி கிடையாது.