நெஞ்சு ரோமம்

கறிக்காக முயல் வளர்க்கும் இருதயராஜ், வீடு மாறிப் போகிறவர்களிடம் அந்த முயலை வாங்கினான். "ஆண்தான், மடியிலேயே வளர்ந்துச்சு. வளர்க்கத்தானே கேக்கறீங்க?" என்றார்கள். தலையாட்டினான். அவர்கள் சொன்னதை நம்பி ஆண் முயல்களோடு விட்டிருந்தான்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிறு காலை கத்தியோடு கூண்டைத் திறந்தபோது, அந்த முயல் தன் நெஞ்சு ரோமத்தைத் தானே பிடுங்கி மூலையில் குவித்திருந்தது. குவியல் மெல்ல மூச்சுவிட்டது. கத்தியை வைத்துவிட்டுக் கையை உள்ளே நுழைத்தான். கண் திறக்காத குட்டிகள், அப்படியொரு சூடு. மற்ற தாய் முயல்கள் என்றால் கடிக்க வரும். இதுவோ வந்து, மயிரற்ற நெஞ்சை அவன் மணிக்கட்டின்மேல் சாய்த்துப் படுத்துக்கொண்டது.

"என்னங்க, கறிக்கு ஆள் வந்தாச்சு," என்றாள் மனைவி ஸ்டெல்லா, வாசலிலிருந்து.

"மெதுவா பேசு," என்றான் அசையாமல். "என் கை உள்ள இருக்கு."