நிறம் மாறாத மருந்து

பெட்டி வரவில்லை.

இன்னொரு முறை இழுத்தாள். ஃப்ரிட்ஜின் பின்சுவரில் படிந்திருந்த பனியோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்தது.

உள்ளே சின்னச் சின்னப் புட்டிகள். ஒன்றை எடுத்துச் சாய்த்தாள். மருந்து அசையவில்லை.

ஐயோ.

பக்கத்தில் இருந்த தயிரும் கல்லாகிக் கிடந்தது.

அண்ணனுடைய மருந்து. பொங்கல் வரைக்கும் வேண்டிய மொத்தமும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று இலவசமாக அனுப்பியது. பல்லடத்தில் அண்ணன் வீட்டுப் பக்கம் கரண்ட் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. என் வீட்டிலேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் நிறையச் சொல்லி வாங்கி வைத்தவள் இவள்தான்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள்!

விவரம் தெரியாத யாராவது செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். இவள் பிழைப்பே இது. கோவையில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இதே வகை மருந்தைச் செய்கிறவள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே, குளிரில் வை, உறைய மட்டும் விடாதே என்பதுதான்.

நேற்று வீட்டில் விருந்து. ஐஸ்கிரீம் இளகுகிறது என்று கணவன் கத்தினான். ஃப்ரிட்ஜில் குளிரைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருப்பினாள். பாயசப் பாத்திரத்துக்கு இடம் வேண்டும் என்று பெட்டியைப் பின்னால் தள்ளினாள். அப்புறம் அலுப்பில் படுத்துத் தூங்கிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

புட்டியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இளகியது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

எப்போதும் இருக்கிற அதே வெளுப்பு. பாலில் நிறையத் தண்ணீர் கலந்த மாதிரி.

திரிந்து போயிருக்கக் கூடாதா? ஒரே ஒரு துணுக்கு மிதந்திருந்தால்கூட ஆஸ்பத்திரி நர்ஸே தூக்கிப் போட்டிருப்பாள். இவள் வாயைத் திறக்கவே வேண்டியிருந்திருக்காது. சனியன், பார்க்க அத்தனை நன்றாக இருந்தது.

உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும், கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி, ஆர்.என்.ஏ. என்ற மருந்துச் சரடு. கல்லீரல் கோணல்மாணலாகச் செய்து அனுப்புகிற ஒரு புரதத்தை அது நிறுத்தும். ஆனால் கொழுப்பின் துணையில்லாமல் அது கல்லீரல் வரை போகாது. வழியிலேயே ரத்தத்தில் சிதைந்துவிடும். பனி அந்தக் கொழுப்பை உடைத்திருக்கும். உடையாதவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டியது உடம்புக்குள் போய் என்ன செய்யுமோ, அதை யாரும் சொல்ல முடியாது.

அந்தப் புரதம் நரம்பில் படிந்து படிந்துதான் அப்பா போனார். அண்ணனுக்கும் அதுவே வந்தது. அவளுக்கு வரவில்லை. உனக்கு இல்லை என்று ரிப்போர்ட் வந்த அன்று மைசூர்பா வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றவன் அண்ணன்தான்.

காலிங் பெல் அடித்தது.

இன்று மருந்து ஏற்றும் நாள். தலைக்குக் குளித்து, விபூதி பூசி, மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தான். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி இருந்தான்.

அதற்குள் இளகியிருந்த புட்டிகளில் இன்றைக்கு வேண்டியவற்றைக் குளிர்ப்பையில் போட்டுக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கை அதுபாட்டுக்குக் கொடுத்துவிட்டது.

கொடுத்த பிறகுதான் வாய் வந்தது.

"மருந்து ராத்திரி உறைஞ்சு போச்சுங்ண்ணா. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

அண்ணன் பையைத் திறந்து ஒரு புட்டியை எடுத்துப் பார்த்தான்.

"அட, உறைஞ்சா என்ன அம்முணி, அதுதான் உருகிப் போச்சே! இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கறியாக்கும்."

சிரித்துக்கொண்டே படியிறங்கத் தொடங்கினான்.

சொல்லிவிட்டாள். அவனும் பரவாயில்லை என்றுவிட்டான். ஆஸ்பத்திரியிலும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மருந்துக் கம்பெனி மேடம் வீட்டில் இருந்த மருந்து என்றால் அவர்களுக்கு அதற்குமேல் பேச்சில்லை. சொல்லாமல் மறைத்தாள் என்று நாளைக்கு யாரும் விரல் நீட்ட முடியாது.

மனசு லேசானது.

நிஜமாகவே லேசானது. அதைக் கண்டதும்தான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, நீயெல்லாம் ஒரு தங்கச்சி!

வெறுங்காலோடு ஓடினாள்.

திருப்பத்தில் அண்ணன் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியையும் குனிந்து பார்த்துப் பார்த்துக் காலை வைத்துக்கொண்டிருந்தான். மறு கையில் பை.

என்னவென்று சொல்லி நிறுத்துவது? இது போனால் அடுத்தது எப்போது வரும் என்று அறக்கட்டளைக்கே தெரியாது. மருந்து நின்றால் நோய் நிற்காது. விட்ட இடத்திலிருந்து நடக்க ஆரம்பிக்கும்.

பின்னாலிருந்து பையைத் தொட்டாள்.

இந்த மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் அவன் கையில் இருப்பதை யார் உருவிக்கொண்டு போனாலும் தெரியாது. விரல்கள் மரத்துக் கிடந்தன. குனிந்து பார்த்தால்தான் உண்டா இல்லையா என்று தெரியும்.

இப்போது அவன் கண் படியின்மேல் இருந்தது.

மெல்ல இழுத்தாள்.

பார்க்காமலேயே அண்ணனின் விரல்கள் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.