கால் சுற்று

“இந்த மாசத்தோட உங்க வேலை முடியுது. கடிதம் ரெடி. என் கையெழுத்துதான் பாக்கி.”

ஆய்வுக்கூடத்தின் தலைமை விஞ்ஞானி சொன்னதும், பாட்டில் கழுவும் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அங்கே அவளுக்குப் பதினோரு வருஷ வேலை. பதினோரு வருஷமும் தற்காலிகம்.

துணைக்கு வந்திருந்த சங்கச் செயலாளர் தொண்டையைச் செருமினார்.

“குற்றம் என்னன்னு சொல்லுங்க மேடம்.”

“மூடி. தினமும் காலையில வந்து பார்த்தா எல்லா பாட்டில் மூடியும் லூசா இருக்கு. இங்க வளர்றது உயிருள்ள செல். ஒரு கிருமி உள்ள போனா நாலு வருஷ உழைப்பு குப்பைக்குப் போயிடும்.”

“இதுவரைக்கும் கெட்டிருக்கா?”

“கெடல. கெடுறவரைக்கும் காத்திருக்கணுமா?”

செயலாளர் அக்கா பக்கம் திரும்பினார். “ஏம்மா, யார் செய்யுற வேலை இது?”

“நான்தாண்ணே.”

“எதுக்கு?”

அக்கா பக்கத்தில் இருந்த காலி பாட்டிலைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“இன்னொன்னும் இருக்கு,” என்றார் விஞ்ஞானி. “எட்டே முக்காலுக்கு வாட்ச்மேன், டைப்பிஸ்ட், பியூன், ரெண்டு மாணவிங்க, இவங்க, ஆக ஆறு பேர் இந்த மேஜையச் சுத்தி நிக்கிறாங்க. ஜன்னல் வழியா நானே பார்த்தேன். நான் உள்ள வந்தா ஆளுக்கொரு பக்கமா கலைஞ்சிடுறாங்க. என்ன, ஸ்ட்ரைக்கா?”

செயலாளரின் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. எனக்குத் தெரியாமலா? அவர் இருபத்திரண்டு வருஷமாகச் செயலாளர்.

கடுப்பை மறைக்க, மேஜைமேல் இருந்த நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

“இதென்ன, புள்ளி புள்ளியா?”

வேலையைப் பற்றி யார் கேட்டாலும் விஞ்ஞானியின் குரல் இளகிவிடும்.

“செல்லுக்குள்ள இருக்கிற துளிங்க. தண்ணியில எண்ணெய்த் துளி மாதிரி. சுத்தி சவ்வு கிடையாது, சுவர் கிடையாது. சூடோ வேற ஆபத்தோ வந்தா, தேவையானதெல்லாம் ஓரிடத்துல கூடும். ஆபத்து தீர்ந்ததும் கலைஞ்சிடும்.”

“தலைவர் யாரு?”

“யாருமே கிடையாது.”

“கலையாம அப்படியே நின்னுட்டா?”

“கெட்டிப்பட்டுப் போகும். சில நரம்பு நோய்ல அப்படி ஆகுது. அதை மறுபடி கரைக்க முடியுமான்னு பார்க்கிறோம். அடுத்த வாரம் கடைசிக் கட்டம்.”

“நம்ம சங்கக் கமிட்டி மாதிரி,” என்றாள் அக்கா, வாய்க்குள்.

விஞ்ஞானி இருமி, சிரிப்பை விழுங்கினார். செயலாளர் காதில் விழாதவர்போல் ஒரு பாட்டிலை எடுத்து, பட்டறையில் லேத் பிடித்த கையால் மூடியை இறுக்கினார்.

“இந்தாங்க. இனி எல்லாமே இப்படித்தான் இருக்கும். நான் பொறுப்பு. திறந்து பார்த்துட்டு அந்தக் கடிதத்தைக் கிழிச்சிடுங்க.”

விஞ்ஞானி பாட்டிலை வாங்கித் திருகினார். மூடி அசையவில்லை. மறுபடி திருகினார். கட்டைவிரல் நடுங்கியது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை என்று இருபது வருஷம், திரவம் அளக்கும் பிப்பெட்டை அழுத்திய விரல் அது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அக்கா பாட்டிலை வாங்கி, கால் சுற்றுத் திருகி, மூடி கழன்றுவிடாமல் அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

“இவ்வளவுதான் மேடம் நான் செய்யுறது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ரெண்டு மாசமா நீங்க பேனா பிடிக்கிற லட்சணத்தைப் பார்க்கிறோமே. ஒரு மாசம் ஓய்வெடுத்தா சரியாயிடும், ஆனா வெளியில தெரிஞ்சா வேலைய வேற ஆள்கிட்ட கொடுத்துடுவாங்கன்னு போன்ல சொல்லிட்டிருந்தீங்க. நாப்பது பாட்டில். ஒருத்தியால முடியல. அதான் ஆறு பேர்.”

“உங்க வேலையே போகப் போகுதுன்னு சொன்னேன். அப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா உங்க வேலையில்ல போயிருக்கும்? அண்ணன் வேற பக்கத்துல இருக்காரு. சும்மா இருப்பாரா, மைக் வெச்சுப் பேசிடுவாரு.”

விஞ்ஞானி நுண்ணோக்கியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

“நாலு வருஷமா இதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்,” என்று முணுமுணுத்தார்.

“இதுக்கு யாரும்மா தலைவர்?” செயலாளருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

“யாரும் இல்லண்ணே.”

விஞ்ஞானி கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தார். விரல் ஒத்துழைக்கவில்லை. செயலாளர் அதை வாங்கி, வெகு சந்தோஷமாக எட்டாகக் கிழித்தார்.

மறுநாள் எட்டே முக்காலுக்கு மேஜையைச் சுற்றி ஏழு பேர் நின்றார்கள். ஏழாவது ஆள், மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த செயலாளர்.

ஒரு நாளும் ஒரு நிமிஷம் தாமதிக்காத விஞ்ஞானி, அவர்கள் கலைகிறவரை வாசலிலேயே பத்து நிமிஷம் நின்றார்.